அண்டா இருந்த இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும், எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பந்தல் கட்டுகிற வேலையில் கயிறு இழுத்து இழுத்து விரல்கள் மடங்கிப் போய்விட்டன. பேனா பிடித்தால் நழுவுகிறது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு நான்கு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் எட்டாவது வரை படித்தவள், என்னைவிட நன்றாகப் படிப்பாள். ஆனால் அவள் முகத்தை நினைத்துக்கொண்டு எழுதினால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோல எழுதினால் கை ஓடுகிறது. அதனால் இப்படி எழுதுகிறேன். யார் பெயரையும் எழுதவில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஓர் அறை. அப்பா அந்தப் பின்னறையைக் கட்டியது மல்லாட்டை மூட்டை அடுக்குவதற்கு. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். நிலம் கைவிட்டுப் போன பிறகு மூட்டை வரவில்லை. வேறு எல்லாம் வந்தது. உடைந்த கலப்பை, டயர் இல்லாத சைக்கிள் ரிம், பாடாத ரேடியோ, மூடி தொலைந்த டிரங்குப் பெட்டி, என் பந்தல் கயிறு, கிழிந்த தார்ப்பாய். அன்றிலிருந்து அது சாமான் ரூம். ஒரே ஒரு சின்ன ஜன்னல். கதவைத் திறந்தால் எலிப் புழுக்கையும் வேப்பிலையும் கலந்த ஒரு வாசனை வரும். அறையின் மூன்று பக்கமும் சுவரில் பலகை அடித்து அப்பா பரண் போட்டிருந்தார்.

என் தங்கைக்கு 1989இல் கல்யாணம். செங்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்தோம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் சீர் சாமான் எல்லாம் அப்பாவே பார்த்துப் பார்த்து வாங்கினார். பீரோ, கட்டில், குடம், தவலை, தாம்பாளம். எல்லாவற்றிலும் பெரியது ஒரு பித்தளை அண்டா. ஆறு குடம் தண்ணீர் பிடிக்கும். பாத்திரக் கடையில் அதன் கழுத்துக்குக் கீழே தங்கையின் பெயரையும் கல்யாணத் தேதியையும் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார்கள். அதைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவன் நான்தான். அன்றைக்கு எனக்கு அது கனமாகத் தெரியவில்லை.

நான்கு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். குழந்தை இல்லை என்று புருஷன் வேறொருத்தியைக் கூட்டி வந்துவிட்டான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அவள் பஸ்ஸில் வந்தாள். இரண்டு நாள் கழித்துச் சாமான்கள் டிராக்டரில் வந்தன. எங்கள் சந்தில் டிராக்டர் நுழையாது. பாதையிலேயே நிறுத்தி ஒவ்வொன்றாகத் தூக்கி வர வேண்டியிருந்தது. பீரோவின் கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அதில் தெரிந்தார்கள். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

திரும்பி வந்த சீரை அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிற வரை அதைத் தனியாக வைத்திருப்பார்கள். அதனால் எல்லாம் சாமான் ரூமுக்குப் போயின. பீரோவைக் கண்ணாடி சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தோம். அண்டாவைப் பரணில் ஏற்றி வைத்தோம். அப்பா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

“அவ சாமான யாரும் தொடக் கூடாது. அவளுக்குன்னு ஒரு வூடு அமையும். அன்னிக்கு எல்லாம் அப்பிடியே போவணும். புரியுதா?”

புரிகிறது என்றேன். அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார்.

தங்கை மல்லாட்டை உடைக்கிற மில்லுக்கு வேலைக்குப் போனாள். கூடத்தில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்வாள். தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வெளியூர் ஆட்கள் கூட்டமாக வரத் தொடங்கிய காலம் அது. தங்க இடம் கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் கூடத்தை விடுவோம். அந்த நாட்களில் தங்கை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு சாமான் ரூமுக்குள் போய்விடுவாள். போ என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, போகி அன்று, அவள் தன் சாமான்களைக் கீழே இறக்குவாள். புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதே இடத்தில் வைப்பாள். என் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கிண்டல் செய்வாள்.

“இன்னாமா, உன் பித்தளைக்கு இன்னிக்குத் தலை முழுக்கா?”

“ஆமா அண்ணி. தலை தொவட்டி விட நீயும் வாயேன்.”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் அண்டாவைத் தேய்க்கும்போது மட்டும் பேச மாட்டாள். அவளுக்கென்று ஒரு வீடு வரும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் செய்த காரியத்தைத்தான் இனி எழுத வேண்டும்.

1997இல் எங்கள் தெரு ஆண்கள் சேர்ந்து பௌர்ணமிதோறும், தீபத்துக்கும் அன்னதானம் போடுவது என்று முடிவு செய்தார்கள். மளிகைக் கடைக்காரர்தான் தலைவர். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். நான் கடைசியில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. பந்தல் வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான். மேலே ஏறிவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஒவ்வொருவராக என்ன தருவோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வாழையிலை. என் முறை வந்தது.

“பந்தல்காரரே, நீ இன்னா தர்ற?” என்றார் மளிகைக் கடைக்காரர்.

நான் தரையைப் பார்த்தேன்.

“அவரு இன்னாத்த தருவாரு, நாலு மொழம் கயிறு தருவாரு,” என்றான் ஒருவன். “அதுவும் அவரு வாயக் கட்டினது போவ மிச்சம் இருந்தா!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. அது என்னுடையது.

“அண்டா நான் தரேன். பித்தளை அண்டா. பெருசு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மளிகைக் கடைக்காரர், “அடேங்கப்பா! பந்தலுக்கும் வாய் கீதுய்யா!” என்றார். கை தட்டினார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சத்தம் வீடு வரைக்கும் காதில் இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லும்போது தங்கையின் அண்டா என் மனதில் இல்லை. ‘பரண்மேல் ஒரு அண்டா கிடக்கிறது’ என்பதுதான் இருந்தது. ஒரு பொருள் ரொம்ப நாள் சும்மா கிடந்தால் அது யாருடையது என்பது மறந்துபோய், வீட்டுடையது ஆகிவிடுகிறது. வீட்டுடையது என்றால் ஆம்பிளையுடையது. இப்படியெல்லாம் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலே அப்படித்தான் நடந்துகொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன்.

“எந்த அண்டா?” என்றாள்.

“உள்ள கெடக்குதே, அதுதான்.”

“அது உங்க தங்கச்சிது. கேட்டீங்களா?”

“சும்மாதான கெடக்குது. சாமிக்குத்தான தரேன்.”

“சாமிக்குன்னா உங்களுது எதனா குடுங்க.”

பதில் கிடைக்காதபோது கோபம் வருவது சுலபம். “உனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

தங்கை மில்லுக்குப் போயிருந்த ஒரு காலையில் அண்டாவை இறக்கினேன். அதற்குள் தவலையும் குடமும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருந்தன. பழைய சேலையைக் கிழித்து நடுவே வைத்திருந்தாள், ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்க. துணிகளை நடுவே அப்படியே விட்டு, தவலையையும் குடத்தையும் பரணில் ஓரமாக வைத்தேன். அண்டாவைச் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினேன். கட்டுவதில் எனக்கு ஈடு யாரும் இல்லை. டவுன் வரை அது ஆடவே இல்லை.

தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். அன்னதானத்துக்குக் கொடுக்கும் பாத்திரத்தில் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயரை வெட்டுவது வழக்கம். எல்லாரும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவர் அண்டாவை மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஏற்கெனவே பேரு கீதே. தேதி வேற போட்டுகீது. யாருது?”

“எங்க வூட்டுதுதான்.”

“அப்பிடியே உட்டுட்டு அந்தப் பக்கம் வெட்டவா? இல்ல இத அழிச்சிட்டு இங்கயே வெட்டவா?”

அந்தப் பக்கம் வெட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இடம் நிறைய இருந்தது. அண்டா என்ன சின்னப் பொருளா? பத்து வருஷமாக நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். எடுத்ததைக்கூட ஏதோ ஒரு சபையில் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இது வாய் தவறியது இல்லை. நிதானமாக யோசித்துத்தான் சொன்னேன்.

“அழிச்சிடுங்க.”

அவர் அரத்தால் ராவினார். பித்தளைத் தூள் அவர் முழங்காலில் மஞ்சளாக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து விரலால் தடவிவிட்டு, “முழுசாப் போவாதுங்க. இதுக்கு மேல ராவினா மெலிஞ்சிடும். சாய்ச்சி வெளிச்சத்துல புடிச்சாத்தான் தெரியும். யாரு சாய்ச்சிப் பாக்கப் போறா?” என்றார். பிறகு அதன்மேலேயே ‘உபயம்’ என்று போட்டு என் பெயரை வெட்டினார். உளி டிக் டிக் என்று விழுந்தது. என் பெயரை அவ்வளவு அழகான எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கக் கூடாது. நான் சந்தோஷப்பட்டேன்.

உள்ளே ஈயம் பூசி, அண்டாவை நேராக மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் இறக்கினேன். தங்கை கேட்டால் என்ன சொல்வது என்று திரும்பும் வழியில் யோசித்து வைத்துக்கொண்டேன். அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன், உனக்கு வேறு வாங்கித் தருகிறேன். இந்த மூன்று வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தேன்.

முதல் அன்னதானம் அந்த வருஷத் தீபத்தன்றுதான். பாதை ஓரத்தில் நான்தான் பந்தல் போட்டிருந்தேன். காலையில் காற்று அடித்து ஒரு மூலையில் கீற்று தூக்கிக்கொண்டது. மேலே ஏறிக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே பெண்கள் பாத்திரம் தேய்க்க வந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். என் தங்கையும் வருவாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அவள் அண்டாவைக் குழாயடிக்கு உருட்டி வந்தாள். உருட்டும்போதே நின்றாள். ஒரு பாத்திரத்தைப் பல வருஷம் கையால் தேய்த்தவளுக்கு அதன் வயிற்றில் எங்கே நசுங்கல் இருக்கிறது என்று தெரியாதா? டிராக்டரில் வந்தபோது விழுந்த நசுங்கல் அது. கையால் அதைத் தொட்டாள். பிறகு அண்டாவைச் சுற்றி, எழுத்து இருக்கும் பக்கத்தைத் திருப்பினாள். என் பெயரைப் படித்தாள். அதோடு விடவில்லை. அண்டாவை வெயில் பக்கமாகச் சாய்த்தாள். ஆள்காட்டி விரலை என் பெயரின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல.

நான் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மேலே இருந்தேன். அவள் நிமிர்ந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாள். நிமிரவில்லை. புளியைக் கரைத்து, வழக்கமாகத் தேய்ப்பதுபோல முழு அண்டாவையும் தேய்த்தாள். கவிழ்த்து வைத்தாள். போய்விட்டாள்.

கட்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் நான் இறங்கவில்லை. கூட வேலை செய்தவர் கீழேயிருந்து கத்தினார்: “இன்னாய்யா, மேலயே குடித்தனம் பண்ணப் போறியா? பொண்டாட்டிய ஏணி போட்டு ஏத்தி விடட்டா?”

மத்தியானம் பந்தியில் அந்த அண்டாவிலிருந்து சாம்பார் சாதம் அள்ளிப் போட்டார்கள். எனக்கும் ஒரு இலை போட்டார்கள். சாப்பிட்டேன். சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியபோது எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

அவள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. சரி, போகியில் சாமான் இறக்கும்போது கேட்பாள் என்று இருந்தேன். என் மூன்று வாக்கியமும் தயாராக இருந்தன. போகி வந்தது. அவள் பரணிலிருந்து தவலையை இறக்கினாள், குடத்தை இறக்கினாள், தாம்பாளத்தை இறக்கினாள். நான் வாசலில் பழைய பாயைக் கொளுத்திக்கொண்டே காதை உள்ளே வைத்திருந்தேன். தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. என் மனைவி அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். பரண் பலகையில் அண்டா இருந்த இடம் வட்டமாகத் தெரிந்தது. சுற்றிலும் தூசியில் பலகை கறுத்திருக்க, நடுவில் மட்டும் புதுப் பலகைபோல வெளுத்திருந்தது. தங்கை மற்ற சாமான்களை எல்லாம் ஓரமாக நெருக்கி வைத்திருந்தாள். வட்டத்தில் ஒன்றையும் வைக்கவில்லை. இடம் பற்றாத அறை அது. என் மனைவியும் அங்கே எதையும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல அந்த இடம் காலியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு பௌர்ணமி தவறாமல் அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். அண்டாவை வேறு யாரையும் தொட விட மாட்டாள். “உங்க தங்கச்சிக்கு என்னா பக்திங்க” என்று மளிகைக் கடைக்காரர் என்னிடம் சொல்வார். ஆமாம் என்று தலையாட்டுவேன்.

2003இல் அவளுக்கு வேலை கிடைத்தது. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். அப்பா சொன்ன வீடு இதுதான் என்று எனக்குப் புரிந்தது. அவர் நினைத்த மாதிரி இல்லை. ஆனால் அவளுடைய வீடு.

டெம்போ வந்தது. சாமான் ரூமிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே போனது. பீரோ வெயிலுக்கு வந்ததும் கண்ணாடியில் மலை தெரிந்தது. என் மனைவி கேட்டாள், “எல்லாம் ஏத்தியாச்சாமா?”

“ஏத்தியாச்சி அண்ணி,” என்றாள் தங்கை. “ஒண்ணு மட்டும் சாமி வேலையில கீது.”

நான் கயிற்றை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் என் பக்கம் வந்து கயிற்றை விரலால் சுண்டிப் பார்த்தாள்.

“கட்டு கெட்டியா கீதுண்ணா. பந்தல்காரன் கட்டு.”

அவ்வளவுதான். டெம்போவில் ஏறிப் போய்விட்டாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

2005 தீபம் முடிந்ததும் அன்னதானக் குழுவில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பெரிய அலுமினியப் பாத்திரம், கேஸ் அடுப்பு என்று வந்துவிட்டது. பழைய பாத்திரங்களைக் கொடுத்தவர்களுக்கே மரியாதையோடு திருப்பித் தருவது என்று தீர்மானித்தார்கள். அதே பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம். மளிகைக் கடைக்காரர் எனக்குச் சால்வை போட்டார். “பந்தல்காரருக்கு வாய்தான் சின்னது, கை பெருசு” என்றார். மறுபடியும் கை தட்டினார்கள். இந்தத் தடவை அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் வைத்தேன். வட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க வெக்காதீங்க. கொண்டுபோய்க் குடுங்க.”

“எம் பேரு இருக்குதே அதுல.”

“அத எழுதச் சொன்னது யாரு?”

முதலில் தேரடித் தெருவுக்குப் போனேன். பழைய ஆள் இல்லை. மெஷினில் பெயர் வெட்டுகிற வேறொருவர் இருந்தார். என் பெயரை அழிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் உள்ளே கை விட்டு, வெளியே கை வைத்து அழுத்திப் பார்த்தார். “இங்க ஏற்கெனவே ராவியிருக்காங்க சார். தகடு காகிதம் மாதிரி கீது. இன்னும் தொட்டா ஓட்ட விழுந்துடும்.” நான் ஒரு காலத்தில் சொல்வதற்காக வைத்திருந்த பொய் உண்மையாகப் பார்த்தது.

என் பெயரோடு அப்படியே கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை. சும்மா கொண்டுபோக முடியாமல், பொங்கல் வரட்டும் என்றேன். கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் பொங்கல் சீர் கொண்டுபோவது எங்களில் உண்டு. அவள் திரும்பி வந்த பிறகு நான் சீர் வைத்ததில்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன சீர் என்று இருந்துவிட்டேன். அவள் தனி வீடு போன பிறகும் வைக்கவில்லை. சீர் என்றால் புருஷன் வீட்டுக்குத்தான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். 2006 பொங்கலுக்கு முந்தின வாரம், அண்டாவுக்குள் பச்சரிசி, வெல்லம், ஒரு சேலை, மஞ்சள் கொத்து எல்லாம் வைத்து, சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“வாண்ணா. சொல்லி அனுப்பியிருந்தா சோறு ஜாஸ்தியா ஆக்கியிருப்பேனே.” பிறகு சாக்கைப் பார்த்தாள். மஞ்சள் கொத்தின் இலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “சீரா? எனக்கா?” என்று சிரித்தாள். “வழி தெரிஞ்சி வர பதிமூணு வருஷம் ஆயிருக்குது உனக்கு.”

உள்ளே போனேன். சின்ன அறை. அவளுடைய குடத்தில் தண்ணீர் இருந்தது. தவலையில் அரிசி இருந்தது. தாம்பாளத்தில் காய் நறுக்கி வைத்திருந்தாள். பீரோவின் கண்ணாடி அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதில் என் முகம் தெரிந்தது. அந்த வீட்டில் சும்மா இருக்கிற பொருள் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் பத்து வருஷம் இருட்டில் கிடந்தவை எல்லாம் இங்கே வேலை செய்துகொண்டிருந்தன.

சாக்கைப் பிரித்தேன். அண்டாவைப் பார்த்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

“இது… நான்தான் எடுத்தேன். உன்னக் கேக்கல. பேரு அழிக்கச் சொன்னதும் நான்தான்.”

“தெரியும்.”

“ஓட்டைன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்லியே.”

அவள் அரிசியைத் தவலைக்கு மாற்றிக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

“நான் கேட்டா நீ பொய் சொல்லுவ. உன் மூஞ்சிய எனக்குத் தெரியாதா? பொய் சொன்னதுக்கு அப்புறம் அதே வூட்ல உக்காந்து உன் சோத்த நான் எப்பிடித் துன்றது? எனக்குப் போறதுக்கு வேற எடம் ஏது அப்போ?”

நான் எதற்குப் பயந்தேனோ, அதற்கு அவள்தான் என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறாள். எனக்குப் போனால் மானம். அவளுக்குப் போனால் கூடத்து ஓரத்தில் பாய் விரிக்கிற இடம். அது எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை.

வெல்லம், சேலை, மஞ்சள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். காலி அண்டாவை என் பக்கம் நகர்த்தினாள்.

“இத எடுத்துட்டுப் போ.”

“இது உன்னுது.”

“என்னுதுதான். இங்க எங்கண்ணா வெக்கறது? நான் படுக்கறதே இவ்ளோதான். உன் ரூம்லயே இருக்கட்டும். நான் கேக்கறப்போ குடு.”

“பேர அழிச்சிப் பாக்கலாம்னு போனேன். முடியாதாம்.”

“அதும்மேல இன்னும் ராவாத. வுடு.”

சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. திரும்பும்போது பஸ்ஸில் அண்டா மடியில் இருந்தது. கண்டக்டர், “பெரியவரே, அண்டாவுக்கும் டிக்கெட்டா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று நானும் கேட்கவில்லை. எடுத்தேன், அழித்தேன் என்பதை மட்டும்தான் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை பாக்கி. அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

இன்று காலை சாமான் ரூமைக் காலி செய்தேன். கலப்பைக் கட்டையும் இற்றுப்போன கயிறும் கிழிந்த தார்ப்பாயும் வாசலில் எரிந்தன. ரேடியோவையும் ரிம்மையும் டிரங்குப் பெட்டியையும் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போனான். கடைசியில் அறையில் மிஞ்சியது ஓர் அண்டாதான். அதை நானே கிணற்றடிக்குத் தூக்கிப் போனேன். என் மனைவி புளியைக் கரைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் இதுவரை பாத்திரம் தேய்த்தவன் இல்லை. கழுத்துப் பக்கம் தேய்க்கும்போது மெதுவாகத் தேய்த்தேன். என் பெயர் ஆழமாக இருக்கிறது. அதற்கு அடியில் விரலை வைத்தால் அவள் பெயரின் புள்ளிகள் இன்னும் சொரசொரவென்று தட்டுப்படுகின்றன. தேதியில் கடைசி எண் மட்டும் முழுசாக இருக்கிறது, ஒன்பது.

வெயிலில் காயவைத்தேன். துடைத்தேன். பரணில் அதன் இடத்தில் வைத்தேன். இந்த ஒரு வருஷத்தில் அவள் கேட்கவில்லை. கேட்கிற அன்றைக்குக் கறுத்துப் போய் இருக்கக் கூடாது. இந்தத் தாள்களை மடித்து அதற்குள் போட்டு வைக்கப் போகிறேன். கேட்டு வாங்கும்போது படிப்பாள்.

தங்கையே, என்னை மன்னித்துவிடு.

போகி, மார்கழி மாதம் கடைசி நாள், 2007.